ரன்னிங், மேடம்

தமிழில் எல்லாமே ஓடும். பஸ் ஓடும், மோட்டார் ஓடும், படம் ஓடும், கடையில் வியாபாரம் ஓடும். "எப்படி இருக்கே?" என்று யாராவது கேட்டால் "ஏதோ ஓடுது" என்போம். எங்கள் வீட்டில் மனிதர்கள் மட்டும்தான் ஓடியதில்லை. அப்பா லாரிக்குச் சுமை ஏற்றுகிறவர். அவர் ஓடி நான் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் தேன்கூடு கலைந்தபோது. அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்த நான், சிங்கப்பூரில் ஒரு மே மாதத்தில், ஒரே ஒரு வார்த்தையால் ஓட்டக்காரன் ஆனேன்.

நான் வேலை பார்ப்பது கட்டடங்களுக்குக் குளிர்சாதனக் குழாயும் பம்பும் பொருத்தித் தரும் ஒரு சிறிய நிறுவனத்தில். எங்கள் மேலாளர் அறுபதை நெருங்கும் சீனப் பெண்மணி. எல்லோரும் அவரை மேடம் என்போம். காலையில் காப்பி கலக்கும் இடத்தில் யாரைப் பார்த்தாலும் "ஹவ் இஸ் லைஃப்?" என்று கேட்பார். மற்றவர்கள், பேச்சின் கடைசியில் 'லா' ஒட்டும் இந்த ஊர் வழக்கப்படி, "ஓகே லா" என்று சொல்லிவிட்டுக் கோப்பையோடு நகர்ந்துவிடுவார்கள். நான் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கேள்வி என்று வந்தால் முழுப் பதில் எழுத வேண்டும் என்று வளர்ந்தவன். வாழ்க்கை எப்படி? ஓடிக்கிட்டிருக்கு. அதை மனத்துக்குள் அப்படியே ஆங்கிலமாக்கினேன்.

"ரன்னிங், மேடம்."

அவர் கையில் சுழன்றுகொண்டிருந்த கரண்டி நின்றது. "நிஜமாவா? நீ ஓடுவியா?"

"யெஸ் மேடம். டெய்லி ரன்னிங்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், அதற்கு வாய்ப்பாடுதான் காரணம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சாயங்காலம் அம்மா அடுப்படியில் இருந்தபடியே என்னை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார். அவருக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. நான் சொல்வது சரியா தப்பா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரே வழிதான் இருந்தது: நான் நிறுத்தினால் தப்பு, நிறுத்தாமல் போனால் சரி. பதினாறாம் வாய்ப்பாட்டில் ஏழாவது வரி எனக்கு எப்போதும் உதைக்கும். "ஏழு பதினாறு நூத்திப் பதினஞ்சு" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு எட்டுக்குப் போய்விடுவேன். அம்மா தலையாட்டிக்கொண்டே சோறு வடிப்பார். அன்று தொற்றிய பழக்கம் இது. பரீட்சையிலும், வேலைக்கான நேர்முகத்திலும், மேடத்தின் எதிரிலும் நான் நிறுத்தவே இல்லை.

மேடம் என்னைத் தன் அறைக்கு அழைத்துப்போனார். நாற்காலிக்குப் பின்னால் சுவர் நிறையப் பதக்கங்கள். எல்லாம் அவர் தனியாக ஓடி வாங்கியவை. நடுவில் ஒரு வெற்று ஆணி.

"இது டீமுக்கு," என்றார்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில், கிழக்குக் கடற்கரைப் பூங்காவில், எங்களைப் போன்ற நிறுவனங்களுக்காகப் பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்குமாம். அணிக்கு மூன்று பேர். மூன்று பேரும் சேர்ந்து முடித்தால் ஒரு மரப்பலகை தருவார்கள். எந்த இடத்தில் வந்தாலும் சரி, முடித்தால் போதும். மேடம் நான்கு முறை அணி சேர்த்திருக்கிறார். ஒரு முறை ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. ஒரு முறை ஒருவருக்குக் கல்யாணம். ஒரு முறை ஒருவர் முந்தின இரவு நண்டு சாப்பிட்டுவிட்டார். ஒரு முறை ஆளே வரவில்லை, இன்றுவரை காரணமும் சொல்லவில்லை. இந்த ஆண்டுக் கடைசியில் மேடம் ஓய்வு பெறுகிறார்.

"ஆணி அடிச்சு ஆறு வருஷம் ஆச்சு," என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேரத்தில் வினைச்சொல்லின் இரண்டு பொருள்களைப் பற்றி விளக்கம் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

அணியின் மூன்றாவது ஆள் எங்கள் கணக்குப் பிரிவு அக்கா. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், செங்காங்கிலிருந்து வருகிறவர். விஷயம் கேள்விப்பட்டதும் என் மேசைக்கு வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீ ரன்னரா?"

"ஆமாக்கா."

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே. லிஃப்ட் கெட்டுப்போன அன்னைக்கு மூணாவது மாடிக்கு வந்து சுவத்தப் புடிச்சிக்கிட்டு நின்னது நீதானே?"

"அது... அன்னைக்குக் காய்ச்சல்க்கா."

"ம்ம். காய்ச்சல் லா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பின்னால் உள்ள ஓர் அடுக்குமாடிப் புளோக்கில் நானும் ஒரு நண்பனும் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். அவன் ராமநாதபுரம் கடற்கரைக்காரன், கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். நடந்ததைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறிவிட்டது.

"மாப்ள, நாளைக்கே போய் உண்மையச் சொல்லிடு. 'மேடம், ஓடுறது நானில்ல, என் பொழப்பு'ன்னு ஒரு வரிதான்."

"ஆணியப் பாத்தியாடா நீ? அந்தம்மா ஆறு வருஷமா வெறும் ஆணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்கடா."

"அப்ப ஓடு. என்ன பெரிய கஷ்டம்? ஒரு கால வச்சிட்டு இன்னொரு கால வையி."

எனக்குத் தெரியாத எதையும் நான் படித்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன். ஓடுவதையும் அப்படியே தொடங்கினேன். நூலகத்திலிருந்து மூன்று புத்தகங்கள் எடுத்துவந்து, கோடு போட்ட நோட்டில் குறிப்பு எழுதினேன். மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டும். குதிகால் முதலில் விழக் கூடாது. ஒரு புத்தகம், பேச முடிகிற வேகத்தில் ஓடு என்றது. ஓடும்போது பேச முடிந்தால் வேகம் சரி, பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். தனியாக ஓடுகிறவன் யாரோடு பேசுவது என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. யோசித்துப் பார்த்தேன். நெடுநேரம் சொல்லத் தெரிந்தது எனக்கு ஒன்றே ஒன்றுதான்.

அதனால் ஒரு சனிக்கிழமை காலை ஃபேரர் பார்க் திடலைச் சுற்றி, நண்பன் கொடுத்த கப்பல் பட்டறை ஆரஞ்சுச் சட்டையில், "ஒரு பதினாறு பதினாறு, ரெண்டு பதினாறு முப்பத்திரண்டு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே ஓடினேன். அந்தச் சட்டையின் முதுகில் ஆங்கிலத்தில் 'பாதுகாப்பே முதல்' என்று எழுதியிருக்கும். நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்மணி நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அஞ்சு பதினாறு எண்பது வரைக்கும் குரல் வந்தது. ஆறில் காற்று மட்டும் வந்தது. ஏழு வருவதற்குள் நான் ஒரு மழைமரத்தின் அடியில் உட்கார்ந்திருந்தேன்.

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்றில்லை என்பார்கள். மேயிலும் ஜூனிலும் ஓடிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். காலை ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வரும். ஏழே காலுக்கு வெயில் முதுகில் கை வைக்கும். வியர்வை காயாது, காய்வதற்குக் காற்றில் இடமே இருக்காது. ஊர் வெயில் சுடும், சொல்லிவிட்டுப் போகும். இந்த வெயில் ஈரத்துணி போலத் தோளில் விழுந்து கூடவே ஓடிவரும். வீட்டுக்கு வந்து குளித்தால், துவட்டிய பிறகும் வியர்க்கும். குளித்ததற்கு என்ன அத்தாட்சி என்று நண்பன் கேட்பான்.

வெயிலுக்குப் பயந்து புளோக்குகளின் கீழ்த்தளத்திலேயே சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்கினேன். நிழல், சிமெண்டுத் தரை, தூண்களுக்கு நடுவே கொஞ்சம் காற்று. அங்கே தினமும் சதுரங்கம் ஆடும் இரண்டு சீனத் தாத்தாக்கள் முதல் வாரம் என்னை முறைத்தார்கள். இரண்டாம் வாரம் என் சுற்றுகளை எண்ணினார்கள். ஒரு நாள் எட்டுச் சுற்றோடு நின்றபோது, ஒருவர் காயிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு விரலை உயர்த்தினார். நேற்று ஒன்பது என்று அர்த்தம். ஓடினேன்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "யாரு துரத்துறா?" என்றார்.

"யாரும் துரத்தலம்மா. சும்மா ஓடுறேன். உடம்புக்கு நல்லது."

"சும்மா எதுக்குடா ஓடுவாங்க? ஆபீஸ்ல ஓடச் சொல்றாங்களா? படிச்சவனுக்கு உக்கார்ற வேலைன்னுதானே சொன்னே?"

"உக்கார்ற வேலைதாம்மா. அது முடிஞ்சப்புறம் ஓடுறேன்."

"சரி, யாருகிட்டயும் சொல்லித் தொலைக்காதே. 'ஓடுறான்'னு நான் ஒரு வார்த்தை சொன்னா, தெருமுனைக்குப் போறதுக்குள்ள 'ஓடிட்டான்'னு ஆக்கிடுவாளுங்க. அப்புறம் எவளோடன்னு கேப்பாளுங்க. நான் நடக்குறான்னே சொல்லிக்கிறேன்."

புதன்கிழமை சாயங்காலங்களில் மூவரும் காலாங் ஆற்றோரம் பயிற்சிக்குப் போனோம். மேடம் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். அரை மணி கழித்து எதிர்த்திசையில் திரும்பி வருவார். அந்த அரை மணியில் பின்னால் நடப்பதை அவர் பார்க்கவில்லை. அக்கா பார்த்தார். முதல் புதன்கிழமை இரண்டு பஸ் நிறுத்தத் தூரத்தில் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவரும் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னைக்கும் காய்ச்சலா?"

மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஓடுது, ஆணி, வாய்ப்பாடு, எல்லாம். அக்கா கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"டேய் தம்பி, நானும்தான் 'ஓடுது லா'ன்னு சொல்றேன். ஆனா தமிழ்ல மட்டும்தான் சொல்றேன்!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேடம்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயா சொன்னா சொல்லு. ஆனா ஒன்னு கேட்டுக்க. முடியிற கோட்டுல தரையில கறுப்பா ஒரு பாய் விரிச்சிருப்பாங்க. நம்ம ஷூவுல ஒரு சின்ன வில்லை கட்டிவிடுவாங்க. பாய மிதிச்சா 'பீப்'ங்கும். மூணு பீப் வந்தாதான் டீம். ஒன்றரை மணி நேரம் ஆச்சுன்னா பாயச் சுருட்டிடுவாங்க. நீ அழகா ஓட வேணாம். சுருட்டுறதுக்குள்ள வந்து மிதிச்சா போதும்."

அந்த வாரமே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மேடத்தின் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு பையை நீட்டினார். உள்ளே ஓட்டக்காரர்கள் அணியும் காலுறை, மூன்று ஜோடி, மூன்றும் ஒரே நிறம். "டீம்!" என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பயிற்சியின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் பெரிய கதை. அன்று சாயங்காலம் நண்பன் என்னிடம் ஒரு மூன்றடுக்கு டிபன் கேரியரைக் கொடுத்து, கோயிலுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னான். தனியாக ஒரு நடை எதற்கு, ஓட்டத்தோடு ஓட்டமாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிறு சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் ஓடலாம் என்று நினைத்ததிலிருந்தே நான் எவ்வளவு புதியவன் என்று தெரியும். வாரம் முழுக்கக் கட்டட வேலையிலும் பட்டறையிலும் இருந்தவர்கள் அத்தனை பேரும் அன்றுதான் அங்கே வருவார்கள். நடைபாதை, புல்தரை, கடை வாசல் எங்கும் ஆட்கள். நடுவே நான், பட்டறைச் சட்டை, கையில் காலி கேரியர், ஒவ்வோர் அடிக்கும் 'டங் டங்' என்று சத்தம்.

புல்தரையில் உட்கார்ந்திருந்த பெரிய மீசைக்காரர் ஒருவர் எழுந்து, "தம்பி, எங்க?" என்று கத்தினார்.

நான் அப்போது மூக்கால் இழுத்து வாயால் விட்டுக்கொண்டிருந்தேன். பேசினால் கணக்குத் தப்பும். கேரியரை உயர்த்திக் கோயில் பக்கம் காட்டினேன்.

அவர் கேரியரைப் பார்த்தார். கோயிலைப் பார்த்தார். செருப்பை மாட்டினார். பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. இரண்டு பேர் ஓடுவதைப் பார்த்து மூன்றாவது ஆள் சேர்ந்தார். மூன்று பேரைப் பார்த்து மூன்று பேர் சேர்ந்தார்கள். "எங்கண்ணே?" "கோயில்லயாம்!" "என்னவாம்?" "சாப்பாடு போடுறாங்களாம், அந்தத் தம்பி கேரியரோட ஓடுறான் பாரு!" எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் ஆட்கள் ஓடிவருகிறார்கள் என்றால் ஒரு மனிதன் என்ன செய்வான்? வேகத்தைக் கூட்டினேன். அவர்களும் கூட்டினார்கள். நான் அவ்வளவு வேகமாக ஓடுவதைப் பார்த்ததும், சாப்பாடு தீரப்போகிறது என்று முடிவு செய்துவிட்டார்கள் போலும். பூக்கடைக்காரர் மல்லிகைக்குத் தெளித்துக்கொண்டிருந்த தண்ணீர் என் முகத்தில் விழுந்ததும், அந்தக் கணம் அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

கோயில் வாசலில் நின்று திரும்பினேன். பதினைந்து பேருக்குக் குறையாது. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. வாசலில் நின்ற கோயில் ஊழியர் எங்களைப் பார்த்து மிரண்டுவிட்டார்.

"என்னங்க? என்ன வேணும்?"

"அன்னதானம்," என்றார் மீசைக்காரர்.

"இன்னைக்கு அன்னதானம் இல்லீங்களே. யாரு சொன்னா?"

பதினைந்து தலைகள் என் பக்கம் திரும்பின.

"அண்ணே, நான் சும்மா... ஓடினேன்," என்றேன்.

"சும்மாவா?"

"உடம்புக்கு."

மீசைக்காரர் என் ஆரஞ்சுச் சட்டையை, கேரியரை, மறுபடி சட்டையைப் பார்த்தார். "ஏய்யா, நாங்க ஆறு நாளு வெயில்ல கம்பி கட்டிட்டு ஒரு நாளு உக்காந்திருக்கோம். உனக்கு உடம்பு கேக்குதுன்னா உன் உடம்ப மட்டும் கூட்டிக்கிட்டு ஓட வேண்டியதுதானே? எங்க உடம்பையும் எதுக்குய்யா இழுத்துட்டு வந்தே?"

கூட்டத்தில் யாரோ, "அண்ணே, நம்ம சைட்டு மேனேஜர் இதே மாதிரி ஓட வச்சா ஓவர்டைம் தரணும்ணே," என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே மீசைக்காரர் என் கதையைக் கேட்டார். ஆணியைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை, "பாவம்யா அந்தம்மா," என்றார். கிளம்பும்போது, "அடுத்த தடவ ஓடினா கேரியர்ல ஏதாவது போட்டுக்கிட்டு ஓடு தம்பி," என்று சொல்லி என் முதுகில் ஒன்று வைத்தார். 'பாதுகாப்பே முதல்' மேலேயே விழுந்தது.

வீட்டுக்கு வந்து கைப்பேசியில் பார்த்தால், அதுதான் என் அதிவேகக் கிலோமீட்டர். அந்தச் சாதனையை அடுத்த வாரம் காலாங் ஆற்றோரம் குறுக்கே வந்த ஓர் உடும்பு முறியடித்தது.

எப்படியோ, நான்காம் வாரத்தில் ஒரு காலை, காலாங் ஆற்றோரம் எங்கும் நிற்காமல் பதினாறாம் வாய்ப்பாடு முடிந்து பதினேழுக்குப் போயிருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாலத்தடியில் தண்ணீர் வெயிலோடு ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே ஓடிவந்த முன்பின் தெரியாத மனிதர் ஒருவர், ஓட்டக்காரர்கள் தங்களுக்குள் செய்வதுபோல, கையை லேசாக உயர்த்திவிட்டுப் போனார். பின்னால் வருகிற யாருக்கோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

ஓட்டத்தன்று கடற்கரையில் காலை ஏழரைக்கே கடல் தகரம்போல் பளபளத்தது. மூவருக்கும் ஒரே நிறக் காலுறை. சேர்ந்து முடிக்க வேண்டும் என்பதால் மேடம் அன்று எங்கள் வேகத்திலேயே ஓடினார், பாட்டை மட்டும் கழற்றவில்லை. முதல் ஐந்து கிலோமீட்டர் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆறாவதில் என் தொடை பேச ஆரம்பித்தது. ஏழாவதில் இனி மறைக்கக் கூடாது என்று தோன்றியது. ஒருவேளை நான் விழுந்துவிட்டால், ஏன் விழுந்தேன் என்றாவது அவருக்குத் தெரிய வேண்டாமா? மேடத்தின் பக்கத்தில் போய், இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, ஆங்கிலத்தில் முழு வாக்குமூலமும் கொடுத்தேன். நான் ஓட்டக்காரன் இல்லை, தமிழில் வாழ்க்கை ஓடும், மன்னியுங்கள்.

மேடம் ஒரு காதிலிருந்து பாட்டை எடுத்தார். "வாட்?"

அக்கா அந்தப் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டார்.

"ரன்னிங், மேடம்," என்றேன்.

"குட், குட்!" என்று மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஒன்பதாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் யாரோ 'ஆ' என்றார்கள். நான்தான் கத்திவிட்டேன் என்று நினைத்தேன். என் வாய் மூடியிருந்தது. திரும்பினால், மேடம் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். சதை கல்லாக இறுகியிருந்தது. அக்கா தேய்த்துவிட்டார். நான் தண்ணீர் ஊற்றினேன். எழுந்து நின்றார், ஓர் அடி வைத்தார், முகம் சுளித்தது.

"நீங்க ரெண்டு பேரும் போங்க," என்றார்.

"எங்க போறது மேடம்? மூணு பீப் வேணும் லா," என்று அக்கா அவர் ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மறு கையை நான் போட்டுக்கொண்டேன். நடந்தோம். எங்களைத் தாண்டி எல்லோரும் போனார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒருவர் போனார். குழந்தை திரும்பிப் பார்த்தது.

காதில் பாட்டு இல்லாத மேடம் கிடைத்தது அப்போதுதான். நான் ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்தினேன். என் வழக்கத்துக்கு அது நீண்ட நிறுத்தம். பிறகு மெதுவாகச் சொன்னேன். அன்று காப்பி கலக்கும் இடத்தில் நான் சொன்னது வாழ்க்கையைப் பற்றி. அதற்கு முன் நான் ஓடியதே இல்லை.

மேடம் நொண்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அப்போ அஞ்சு வாரமா என்கூட ஓடினது யாரு?"

"நான்தான் மேடம்."

"அப்புறம் என்ன? வேகமா நட!"

அடி ஒத்துவரவில்லை. மூன்று பேருக்கும் மூன்று விதமான கால். அக்கா, "தம்பி, உன் வாய்ப்பாட்டப் போடு," என்றார். போட்டேன். ஒரு பதினாறுக்கு இடது, பதினாறுக்கு வலது. நாலாவது வரியில் மேடமும் அர்த்தம் புரியாமல் கூடவே முணுமுணுத்தார். ஏழில் வழக்கம்போல் தடுக்கியது. ஒரு நொடி நின்று, யோசித்து, "நூத்திப் பன்னெண்டு" என்றேன். அத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக அதைச் சரியாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

வளைவு தெரிந்தது. காற்றடைத்த பெரிய வளைவு. ஆனால் அது எங்களுக்கு வணக்கம் சொல்வதுபோல் மெல்லக் குனிந்துகொண்டிருந்தது. காற்றைத் திறந்துவிட்டார்கள். அதன் அடியில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் கறுப்புப் பாயை ஒரு முனையிலிருந்து சுருட்டத் தொடங்கியிருந்தார்.

"அண்ணே!" அக்கா கடற்கரையே திரும்பும்படி கத்தினார். "அண்ணே, பாயச் சுருட்டாதீங்க லா!"

அவர் நிமிர்ந்து திரும்பினார். பெரிய மீசை. நிகழ்ச்சிக் குத்தகைக்காரருக்கு அந்த ஞாயிறு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார்.

"அட, கேரியர் தம்பி! அந்தம்மாதானா இது, ஆணியம்மா?"

"ஆமாண்ணே! ஓடியாறோம்ணே!"

"எங்கய்யா ஓடியாறீங்க, ஊர்ந்து வர்றீங்க!" என்றபடி சுருட்டியதைக் காலால் ஓர் உதை விட்டார். பாய் உருண்டு விரிந்தது. கடிகாரத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது, அவர்தான் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டாராம். சாப்பாட்டு வண்டி வந்திருந்ததாம். இன்னொருவரை அழைத்து, தொய்ந்த வளைவை இருவருமாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். அக்கா மிதித்தார், பீப். நான் மிதித்தேன், பீப். மேடம் நல்ல காலைப் பாய்க்கு வெளியிலேயே ஊன்றிக்கொண்டு, வலிக்கிற காலை இழுத்துப் பாயின் மேல் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை.

"அந்தக் கால்ல இல்ல, இந்தக் கால்ல லா வில்லை!" என்று அக்கா குனிந்து, மேடத்தின் நல்ல காலைத் தன் இரண்டு கையாலும் தூக்கிப் பாயின் மேல் வைத்தார்.

பீப்.

மேடம் பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது, முகம் முழுக்க வியர்வை. கொஞ்ச நேரம் கழித்து என்னை அண்ணாந்து பார்த்து, "ஹவ் இஸ் லைஃப்?" என்றார்.

"வாக்கிங், மேடம்."

மீசைக்காரர், "எல்லாரும் கொஞ்சம் எந்திரிங்க, பாயச் சுருட்டணும்," என்றார்.

மறுநாள் அந்த ஆணியில் பலகை ஏறியது. கொஞ்சம் கோணலாகத்தான் தொங்குகிறது. மேடம் யாரையும் தொடவிடவில்லை.

ஓட்டம் முடிந்த அன்றே, பலகையை மடியில் வைத்துக்கொண்டு மேடம் டாக்சியில் போன பிறகு, நான் எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"முடிச்சியா?"

"முடிச்சிட்டேம்மா."

"எத்தனாவது வந்தே?"

நான் நிறுத்தினேன்.

"என்னடா நிறுத்திட்டே? தெரியலையா?"

"தெரியும்மா. கடைசி. எங்களுக்கப்புறம் யாருமே வரல. பாய் சுருட்டுறவரு மட்டும்தான் இருந்தாரு."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவருதானே கடைசி?" என்றார்.